தவசி நடந்த கால்கள்

எங்கள் செயற்கைக்கால் மையத்திலேயே மோசமாக நடப்பவர் யார் என்று மெஷின் ஒரு பெயரைச் சொல்லியிருந்தது. தவசீலன். வாசித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தேன். பெயர் மாறவில்லை.

தவசியை உங்களுக்குத் தெரியாது, அதனால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். வலது கால் முட்டிக்கு மேலே போனவன். விடிந்தால் பாளையங்கோட்டை மைதானத்தில் செயற்கைக்காலோடு சுற்றிச் சுற்றி வருவான். இரண்டு காலும் ஒழுங்காக உள்ள ரிட்டயர்டு ஆசாமிகள் அவன் தங்களைத் தாண்டும்போதெல்லாம் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்ட மாதிரி குனிந்துகொள்வார்கள். பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் இவனைப் போல நடந்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. இவன் கடைசி என்றால் ஒன்று எனக்குத் தொழில் தெரியவில்லை, இல்லை மெஷினுக்குத் தெரியவில்லை.

மோட்டார்க்காலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேலே மீதித் தொடையை உள்ளே விட்டுக்கொள்கிற சாக்கெட், நடுவில் மூட்டு, கீழே பாதம். சாக்கெட் அவரவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்வது. ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது. மூட்டில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் மையத்தை நடத்தும் மறுநடை அறக்கட்டளை கொடுக்கும் மூட்டுக்குள் சின்ன மோட்டாரும் கற்றுக்கொள்கிற மூளை ஒன்றும் உண்டு. நீங்கள் எப்படி நடக்கிறீர்களோ அதைப் பழகிக்கொண்டு அதற்குத் தக்கபடி மடங்கும், நீட்டும், தள்ளிவிடும். கூடவே உங்களை அளக்கவும் செய்யும். எவ்வளவு நடந்தீர்கள், என்ன வேகம், படி ஏறினீர்களா, எல்லாம் தானாகவே மேலிடத்துக்குப் போய்விடும். அதை வைத்து ஒன்றிலிருந்து நான்கு வரை ஒரு நிலை போடுவார்கள். நான்கு என்றால் ஓடியாடும் ஆள். ஒன்று என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடும் ஆள்.

மூட்டுகள் கொஞ்சம்தான், காத்திருப்பவர்கள் நிறைய. அதனால் அரையாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மையத்திலும் கடைசியாக வருகிறவரிடமிருந்து மூட்டைக் கழற்றி வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். நடக்காதவரிடம் அது சும்மா கிடப்பானேன் என்பது அறக்கட்டளையின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மூட்டை இழந்தவருக்குச் சாதாக்கால் கிடைக்கும். சாதாக்கால் எதையும் அளக்காது. அளக்காததால் அதைப் போட்டவருக்கு இரண்டாம் நிலைக்கு மேல் கிடையாது என்று விதி.

தவசிக்கு நான்கு வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் கோபுரம் ஏறி, உச்சியில் இருக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். தண்ணி லாரி ஒன்று அவன் பைக்கைத் தட்டிவிட்டுப் போன பிறகு கம்பெனி அவனை ஸ்டோரில் உட்கார வைத்தது. கேட்பவர்களுக்கு போல்ட், நட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதம் கோபுரத்தில் ஒரு இடம் காலியானது. நான்காம் நிலைச் சான்றிதழ் கொண்டுவந்தால் உனக்குத்தான், இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மையத்தில் எல்லோருக்கும் அவன் செலவில் பன்னீர் சோடா. மேலே ஏறி நின்றால் கடல் தெரியும் மேடம், ஸ்டோரில் உட்கார்ந்தால் கக்கூஸ் கதவுதான் தெரியும் என்றான்.

அவனைக் கூப்பிட்டனுப்பி ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்தது, அவ்வளவுதான்.

“மெஷின் தப்புன்னு எழுதிப் போடுவோம். நீ கையெழுத்துப் போடு,” என்றேன்.

“மெஷின் தப்பில்ல மேடம்.”

“நாளெல்லாம் நீ உக்காந்தே கெடக்கேன்னு சொல்லுது.”

“ஸ்டோர்ல உக்காந்துதான கெடக்கேன்.”

“அப்ப காலைல கிரவுண்டுல நடக்கது ஆரு, ஒம் பேயா?”

அவன் ஃபேனைப் பார்த்தான். தவசிக்குப் பொய் வராது. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுவான், அதுவே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வராந்தாவில் நடந்து காட்டச் சொன்னேன். நடந்தான். மூட்டு ஒவ்வொரு எட்டுக்கும் தயங்கியது. அவன் முன்னே போகப் பார்க்கிறான், அது பின்னே இழுக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளையே அத்தனை நாளும் பழகிய மூட்டு அது. தவசியை அதற்கு அடையாளமே தெரியவில்லை.

அவனை உட்காரச் சொல்லிவிட்டு மற்றவர்களின் மூட்டுகள் ஸ்கிரீனில் வரைந்திருந்த நடைக்கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கூட்டத்தில் முதுகைக் காட்டிப் போகிற சொந்தக்காரரைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறோமே, அதே பழக்கம் எனக்குக் கோட்டிலும் உண்டு. தவசி திரும்புவதற்கு முன்னால் ஒரு எட்டைச் சின்னதாக வைத்துவிட்டு அடுத்ததை அகலமாக வீசுவான். கோபுர உச்சியில் குறுகிய தட்டில் திரும்பித் திரும்பிப் பழகியது அது. பள்ளிக்கூடத்தில் சமைக்கிற மாடத்தி அக்காவின் கோட்டைத் திறந்தேன். அங்கே அந்தச் சின்ன எட்டும் அகல எட்டும் இருந்தன. ரிட்டயர்டு டிரைவர் ஞானதிரவியத்தின் கோட்டிலும் இருந்தன. அடுத்ததிலும் இருந்தன. எல்லோர் பெயரிலும் விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தது என் எதிரே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த ஆள்தான்.

“இது எத்தன நாளா நடக்கு?”

“ஒரு வருசமிருக்கும் மேடம்.”

“சாக்கெட் எப்படிச் சேந்துச்சு?”

“சாக்கெட் என்னதுதான். மூட்ட மட்டும் மாத்திக்கிடுவேன். நாலு ஸ்க்ரூதான பாத்துக்கிடுங்க. ஆலன் கீ இருந்தா டீ ஆறதுக்குள்ள மாட்டிரலாம். காலைல ஒருத்தர் மூட்டு, மறுநா இன்னொருத்தர் மூட்டு. எட்டு மணிக்குத் திருப்பிக் குடுத்துட்டு என் மூட்டப் போட்டுக்கிட்டு ஸ்டோருக்குப் போயிருவேன்.”

மூட்டைச் செய்தவர்கள் எதையெல்லாமோ யோசித்திருப்பார்கள். ஒருவர் இன்னொருவருக்காக நடந்து கொடுப்பார் என்பது அவர்கள் ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது.

“ஏன்யா செஞ்ச?”

“மாடத்தி அக்கா அழுதாவ மேடம். இந்தத் தடவை கடைசி நாந்தான்னு. அவிய வீட்டுக்குப் போய்ப் பாத்திருக்கியளா?”

போனதில்லை.

“பள்ளிக்கூடத்துல சமையல முடிச்சிட்டு வீட்டுக்கு வந்ததும் செருப்பக் கழத்துத மாதிரி காலக் கழத்தி மூலைல சாத்தி வெச்சிருவாவ. வேக்காட்டுல அத மாட்டிக்கிட்டு இருக்க முடியுமா? தரையில உக்காந்து காய் நறுக்கி, நகந்து நகந்தே வீடு கூட்டி, ஒத்தக்கால்ல சொவரப் பிடிச்சுத் துள்ளிப் போயித் தண்ணி பிடிச்சி... நாம ஒரு வேல செய்யதுக்குள்ள அவிய நாலு செஞ்சிருவாவ. மூலைல சாத்துன காலு என்ன சொல்லும்? மாடத்தி நடக்கவே இல்லன்னு சொல்லும். எனக்கு அது அநியாயமாப் பட்டுச்சு. நான் எப்படியும் நடக்கத்தான போறேன், அவிய மூட்டப் போட்டு நடந்தா என்னன்னு தோணுச்சு. பொறவு ஒவ்வொருத்தரா வந்தாவ. ஆரையும் வேண்டாம்னு சொல்ல முடியல.”

“ஒம் மூட்டு?”

“போன தடவ வர எடையில எடையில என் மூட்டுலயும் நடந்தேன், நாலு வந்துச்சுல்லா, அது அப்படியே இருக்கும்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் புதுசாப் போடுவாவன்னு எனக்குத் தெரியாது.”

தன்னிடமே தோற்றுப்போன ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அவன் எதிரே நின்ற அத்தனை பேரும் அவனேதான். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தெரியாத கோபத்தை எதிரே இருப்பவர் மேல் காட்டுவதுதானே வழக்கம்.

“செண்பகவல்லியத் தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டேன்.

“சங்கரங்கோயில்லருந்து வருவாவளே. இப்ப வாரதில்ல போல.”

“போன அரையாண்டுல கடைசி அவதான். எங்கையாலதான் கழத்துனேன். ஜெராக்ஸ் கடையில நாளெல்லாம் நின்னுக்கிட்டே வேல செஞ்ச புள்ள. தூரத்துலருந்து வாரா, இங்க நடக்க வெளையாட்டு அவளுக்குத் தெரியாது. அவ நடந்தது மட்டுந்தான் அவ பேர்ல இருந்துச்சு. மத்தவங்க பேர்லெல்லாம் நீ இருந்த.”

தவசி கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான். “நான் ஆருக்கும் கெடுதல் நெனைக்கல மேடம்,” என்றான்.

“நெனைக்கலதான். ஆனா அவ வேல போயிட்டு. சாதாக்காலோட அவ்வளவு நேரம் நிக்க முடியல.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பாவமாக இருந்தது, ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மை.

அவன் போன பிறகு விதிப் புத்தகத்தைத் தேடியெடுத்து வாசித்தேன். வழி ஒன்று இருந்தது. முடிவை ஒப்புக்கொள்ளாதவர் நேரடிச் சோதனை கேட்கலாம். அறக்கட்டளை அலுவலர் வந்து, மையத்தில் மூட்டு வைத்திருக்கும் எல்லோரையும் தம் கண்ணால் பார்த்து நிலை போட வேண்டும். தவசி கேட்டால் சுலபமாக ஜெயிப்பான். சொந்த மூட்டு இரண்டு வாரத்தில் அவனைத் திரும்பப் பழகிக்கொள்ளும். ஆனால் கடைசி இடம் காலியாக இருக்காது. அதில் மாடத்தி அக்கா வந்து உட்காருவாள்.

மறுநாள் இதைச் சொன்னபோது தவசி யோசிக்கவே இல்லை.

“வேண்டாம் மேடம். என் மூட்ட எடுத்துக்கிடுங்க. ஸ்டோர்லயே இருந்துக்கிடுதேன்.”

“கோபுரம்?”

“வேற ஆள் ஏறட்டும்.”

அப்படிச் சொன்னவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதே நேரம் கதவருகில் டக், டக் என்று சத்தம். மாடத்தி அக்கா நின்றாள். செய்தி எட்டிவிட்டது. எங்கள் மையத்தில் எந்தச் செய்தியும் வாட்ச்மேனைத் தாண்டுவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அவள் வந்து உட்கார்ந்து, சேலையை விலக்கி முழங்கையைக் காட்டினாள். கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது.

“இது எப்படின்னு கேளுங்க டாக்டரம்மா.”

“விழுந்தியளா?”

“விழல. தள்ளிவிட்டுச்சு. சோத்துப் பானைய எறக்கி வெச்சிட்டு ஒரு எட்டு வெக்கேன், பின்னாலருந்து ஆரோ புடிச்சுத் தள்ளுத மாதிரி தள்ளுது. நான் மெல்லப் போவணும்கேன், அது ஓடணும்குது. ஒரு வருசமா இந்தப் பாடுதான். அதான் பள்ளிக்கூடத்துலயும் கழத்தி வெச்சிட்டுத்தான் வேல பாக்கேன். தம்பிட்ட சொல்லல. நமக்காக நடக்க புள்ளய எப்படிக் கொற சொல்லது?”

தவசி தலையைத் தூக்கினான். “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாக்கா.”

“சொன்னா நடக்கத நிறுத்திருவ. நிறுத்துனா மூட்டு போயிரும். அது இருந்தாலும் எனக்கு ஒதவல, போனாலும் பயம். இப்பத்தான் யோசிச்சேன், ஒதவாத சாமானுக்கு என்ன பயம்னு.” என் பக்கம் திரும்பினாள். “நேர்லயே அளக்கச் சொல்லுங்க டாக்டரம்மா. எல்லாரையும். நான் கடைசி வந்தா வந்துட்டுப் போறேன்.”

“நடந்து குடுத்ததையும் சொல்லணும்,” என்றான் தவசி. “இல்லன்னா செண்பகவல்லிக்கு என்ன பதில்?”

“சொன்னா போன தடவ முடிவு செல்லாது,” என்றேன் நான். “அவ மூட்டத் திருப்பிக் குடுக்கணும். கையில உபரி கெடையாது. ஒங்கள்ல ஒருத்தர் மூட்டுதான் போவும். மோட்டார்க்கால் இல்லன்னா நாலாம் நிலை இல்ல. யோசிச்சுக்கோ.”

“யோசிச்சாச்சு மேடம்.”

“எனக்கும் வேலை போகலாம். நானுந்தான் ஒரு வருசமாக் கண்ணத் தொறந்து பாக்கல.” இதைச் சொல்லும்போது எனக்கு விசித்திரமாக இருந்தது, பயமே வரவில்லை. “போனாப் போவுது. கடிதத்த எழுதுதேன்.”

அறக்கட்டளையின் அலுவலர் கைலாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்கினார். தென்மாவட்டங்களிலேயே சிறந்த மையம் என்று போன அரையாண்டில் எங்களுக்குக் கேடயம் கொடுத்தவர் அவர்தான். கேடயம் என் மேஜையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷன், தன் டேப்லெட்டை நம்புவதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“அப்ப இந்த மையத்துல இத்தனை பேருக்கு நடை முன்னேறினதா நான் மேல அனுப்பினது?”

“எல்லாம் தவசிதான் சார்.”

“நான் மேடையில பேசினேனே மேடம். இந்த ஊர்க்காரங்க மன உறுதி அப்படி இப்படின்னு.”

“மன உறுதி இருக்கு சார். நீங்க அளந்த எடத்துல இல்ல, அவ்வளவுதான்.”

அவர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார், நானும் கூடப் போனேன். வராந்தாவில் பெஞ்சு போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகவல்லியையும் வரச் சொல்லியிருந்தேன். சாதாக்காலோடு கடைசி பெஞ்சின் ஓரத்தில், யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள். எல்லாம் முன்பே அவளிடம் போனில் சொல்லியிருந்தேன். அவள் சொன்ன ஒரே வார்த்தை, ‘சரி.’

தவசி எழுந்து நேராகக் கைலாசத்திடம் போய்ச் செண்பகவல்லியைக் கைகாட்டினான்.

“சார், போன தடவ நான் நடந்ததாலதான் இவங்க மூட்டு போச்சு. என் மூட்ட இவங்களுக்குக் குடுத்திருங்க.”

“தவசீலன், அப்படின்னா உங்களுக்கு...”

“தெரியும் சார்.”

அவனே உட்கார்ந்து ஆலன் கீயை எடுத்தான். நாலு ஸ்க்ரூ. தன் சாக்கெட்டிலிருந்து மூட்டைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து செண்பகவல்லியிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளாமல் அவனையே பார்த்தாள். நான் வாங்கி அவள் சாக்கெட்டில் பொருத்தினேன்.

“இது இப்ப உக்காந்த ஆள் நடைய நடக்கும்மா. பழக நாளாவும்,” என்றான் தவசி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “வேணும்னா கொஞ்ச நாள் காலைல நான் போட்டு நடந்து...” என்று ஆரம்பித்தான்.

“ஒங்க நடை எனக்கு வேண்டாம் அண்ணே,” என்றாள் செண்பகவல்லி. குரல் உயரவில்லை. பெஞ்சில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தவசி தலையாட்டினான். அவள் கழற்றி வைத்த சாதா மூட்டையே எடுத்துத் தன் சாக்கெட்டில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

“இப்ப என்ன அளங்க சார்.”

கைலாசம் டேப்லெட்டைப் பார்த்தார். “சாதாக்காலுக்கு ரெண்டுதான் தவசீலன். விதி.”

“அளக்காமலே எப்படி சார் ரெண்டு?”

“அளக்க முடியாது. இதுல சிக்னல் வராது.”

“நேரடிச் சோதனைன்னா கண்ணால பாக்கதுன்னு மேடம் சொன்னாவ. எங்க வேலைல நடக்கது கெடையாது சார். ஏறதுதான். அந்த டாங்க்ல ஏறுதேன். பாத்துட்டு என்ன எழுதணுமோ எழுதுங்க.”

மையத்துக்குப் பின்னால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. செங்குத்தாக இரும்பு ஏணி. அதைச் சுத்தம் செய்ய வருகிற ஆட்களே கீழே நின்று ஒருமுறை சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். நான் வேண்டாம் என்றேன். அவன் பையைத் திறந்து, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த பாதுகாப்பு பெல்ட்டைக் காட்டினான். முடிவோடுதான் வந்திருக்கிறான். கைலாசம் என்னைப் பார்த்தார். நான் பெல்ட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

“ஏறிக் காட்டுங்க,” என்றார் கைலாசம்.

ஏறினான். முதலில் நல்ல கால் கம்பியில் ஏறியது. கைகள் இழுத்தன. சாதாக்கால் பின்னாலேயே தொங்கிக்கொண்டு வந்து அதே கம்பியில் உட்கார்ந்தது. கொக்கியை மேல் கம்பிக்கு மாற்றினான். மறுபடி நல்ல கால். ஒரே மாதிரி, அவசரமில்லாமல், ஏதோ மாடி வீட்டுக்குப் போகிறவன் போல. பாதி உயரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏணியில் தூக்குவது நல்ல காலும் கையும்தான். மற்றக் கால் கூட வந்து நின்றால் போதும். அதில் இருப்பது மோட்டார் மூட்டா, சாதா மூட்டா என்று ஏணிக்குத் தெரியாது. இந்த வேலைக்கு அந்த மோட்டார்க்கால் ஒருநாளும் தேவைப்பட்டிருக்கவில்லை. தேவைப்பட்டதெல்லாம் அது போட்டுக் கொடுக்கும் எண். இதை நான் ஒரு வருஷம் முன்னால் கண்டுபிடித்திருக்க வேண்டும். கம்பெனியும் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒருத்தரும் அவனை ஏணியில் ஏற்றிப் பார்க்கவில்லை, எல்லோரும் ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொட்டியின் மேல்தட்டில் ஏறி நின்று தவசி கொக்கியை மாட்டினான். அங்கிருந்து கடல் தெரியாது, பஸ் ஸ்டாண்டுதான் தெரியும். ஆனாலும் அவன் உடனே இறங்கவில்லை. சட்டை காற்றில் உப்பிக்கொண்டு நின்றது.

“இறங்கச் சொல்லுங்க, எனக்கு மயக்கம் வருது,” என்றார் கைலாசம்.

“ஏறுனது அவன், மயக்கம் ஒங்களுக்கா?” என்றாள் மாடத்தி அக்கா. அவள் காலைக் கழற்றிப் பெஞ்சில் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துத் துள்ளியே எங்களுக்கு முன்னால் தொட்டியடிக்கு வந்து சேர்ந்திருந்தாள். கைலாசம் அவளைப் பார்த்தார், பெஞ்சில் சாத்தியிருந்த காலைப் பார்த்தார்.

அப்போது அவர் கையிலிருந்த டேப்லெட் மணி அடித்தது. குனிந்து பார்த்தார். புருவம் ஏறியது. டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். திரையில் பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ‘தவசீலன் நடக்கிறார். வேகம் குறைவு. தொடர்ந்து முன்னேற்றம்.’

நான் மேலே பார்த்தேன். தவசி தொட்டிமேல் அசையாமல் நிற்கிறான். பிறகு இருவரும் திரும்பிப் பார்த்தோம். வராந்தாவிலிருந்து மண் முற்றத்தைக் கடந்து செண்பகவல்லி வந்துகொண்டிருந்தாள். மூட்டு அவளைப் பிடித்து இழுத்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை முன்னே தள்ளினாள். நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி ஒரு எட்டு வைத்தாள். நான் கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நெற்றியெல்லாம் வேர்வை. எங்களை வந்தடைந்து, ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். அதை ஒருமுறை வாசித்தாள்.

“பேர மாத்துங்க சார்,” என்றாள். “இது நான் நடந்தது.”